எழுந்துகொள்ள இடம் எங்கே?

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசிய எதிரணி நண்பரே, கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். "சுற்றுமுறை வரலாற்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மனிதர்கள் மூழ்கிப்போவதற்குப் பெரிதும் காரணம் விளையாட்டின் வடிவமைப்பா, விளையாடுபவரின் மன உறுதிக் குறைவா?" நான் வடிவமைப்பு என்ற அணி. எதிரணி நண்பர் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனார். நீங்கள் ஆடாவிட்டால் கம்ப்யூட்டர் அசையாது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், போகாதது உங்கள் தப்பு என்றார். சேவ் செய்துவிட்டு நாளைக்கு வரலாமே என்றார். கடைசியாக, உலக சுகாதார நிறுவனமே இதை மனிதரின் கோளாறாகத்தான் பட்டியலில் வைத்திருக்கிறது என்றார். கைதட்டலும் வாங்கினார். மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதை ஆடாதவர்களும் இங்கே இருப்பீர்கள், அவர்களுக்காக ஒரு நிமிடம். 1991-இல் சிட் மெயர், புரூஸ் ஷெல்லி என்ற இருவர் வடிவமைத்த 'சிவிலைசேஷன்' என்ற கேம் வந்தது. கி.மு. 4000-இல் தொடங்கும். உங்களிடம் நாடு கிடையாது, குடியேற இடம் தேடும் ஒரு சிறு கூட்டம் மட்டும்தான், சுற்றிலும் வரைபடம் முழுக்க இருட்டு. ஆற்றோரமாகப் பார்த்து ஒரு நகரம் அமைக்கிறீர்கள், நிலத்தைத் திருத்துகிறீர்கள், எழுத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள், பக்கத்து அரசரோடு சமாதானம் பேசுகிறீர்கள் அல்லது சண்டைக்குப் போகிறீர்கள், அப்படியே போய் ஆறாயிரம் வருடம் தாண்டி விண்கலம் அனுப்புகிறீர்கள். எல்லாம் சதுரங்கம் மாதிரி, முதலில் உங்கள் முறை, அப்புறம் மற்றவர்கள் முறை. அந்த ஒரு முறைக்குத்தான் சுற்று, டேர்ன் என்று பெயர். இதுவரை ஏழு முதன்மைப் பாகங்கள் வந்துவிட்டன, ஏழாவது 2025 பிப்ரவரியில் வந்தது. இதே வழியில் வேறு பலரும் விளையாட்டுகள் செய்திருக்கிறார்கள். எதை ஆடுகிறவராக இருந்தாலும் அவர் வாயில் ஒரு வாக்கியம் இருக்கும்: 'ஒன் மோர் டேர்ன்'. இன்னும் ஒரே ஒரு சுற்று.

சரி, முதல் வாதத்துக்கு வருகிறேன். காத்திருக்கிற விளையாட்டு என்பதால் எழுந்திருப்பது சுலபம் என்பது ஆடாமல் யோசித்தால் சரியாகத்தான் தோன்றும். நானே பல வருடம் அப்படி நம்பித்தான் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஓடிக்கொண்டே சுட வேண்டிய ஒரு விளையாட்டை நினைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் விரல் வலிக்கிறது, தோள் இறுகுகிறது, செத்துப்போகிறீர்கள், ஆட்டம் முடிந்தது என்று திரையே சொல்கிறது. உடம்பும் விளையாட்டும் சேர்ந்து உங்களை வெளியே தள்ளுகின்றன. இங்கே யாரும் தள்ளுவதில்லை. அவசரம் இல்லை, பதற்றம் இல்லை, ஒரு கையால் மவுஸைப் பிடித்தால் போதும். உடம்பு களைப்பைச் சொல்லும் வழியே அடைபட்டிருக்கிறது. காத்திருப்பதுதான் இதன் பலம். தூண்டில் கூட அசையாமல்தான் காத்திருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, என் பேச்சின் உயிரே அதில்தான். எந்த வேலைக்கும் ஒரு முடிவு இடம் உண்டு. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், சதுரங்கத்தில் ராஜா விழுவார், படம் முடிந்து விளக்கு எரியும். மனம் அந்த இடத்தைப் பார்த்துத்தான் எழுந்திருக்கத் தயாராகிறது. சுற்றுமுறை வரலாற்று விளையாட்டில் அந்த இடம் இல்லை. ஏன் இல்லை என்றால், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கடிகாரங்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு சுற்றில் அடிக்கிறது. ஆராய்ச்சி முடிய மூன்று சுற்று, தலைநகரில் நூலகம் முடிய இரண்டு, எல்லை நகரம் ஓர் ஆள் பெருக ஐந்து, எதிரியோடு போட்ட சமாதான ஒப்பந்தம் தீர ஏழு. ஒன்று முடிந்தவுடன் அதன் இடத்தில் புதிதாக ஒன்று தொடங்கிவிடும். எல்லாக் கடிகாரமும் ஒன்றாக நிற்கும் சுற்று என்று ஒன்று வரவே வராது. நீங்கள் எந்தச் சுற்றில் எழுந்தாலும் ஏதோ ஒன்று அடுத்த சுற்றில் கைக்கு வரப்போகிறது. பாதி வாக்கியத்தில் எழுந்து போகச் சொல்வது மாதிரி இது, எப்போதுமே பாதி வாக்கியம்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த விளையாட்டின் பெயர் வேண்டாம், இந்த வகையில் ஒன்று. அக்கா இரவு ரயிலில் வருகிறாள், விடிகாலை 5 மணிக்கு ஸ்டேஷனில் நான் நிற்க வேண்டும். இரவு 9 மணிக்கு உட்கார்ந்தேன், 11 மணிக்குத் தூங்குவதாகத் திட்டம். எனக்கு ரோம். கிழக்கே மங்கோலியர்கள், அவர்களுடைய குதிரைப்படை என் எல்லைக்குப் பக்கத்தில் கூடிக்கொண்டிருந்தது. 11 மணிக்குப் பார்த்தால் வெடிமருந்து ஆராய்ச்சி முடிய இரண்டு சுற்றுதான் பாக்கி. அது வந்தால் படையைத் தரம் உயர்த்தலாம், பயமில்லாமல் தூங்கப் போகலாம். ஆராய்ச்சி முடிந்தபோது பொற்காசு போதவில்லை. காசு சேர்ந்தபோது மேற்குக் கடலில் என் கப்பல் அதுவரை யாரும் பார்க்காத ஒரு கரையைத் தொட்டது. அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எப்படி மூடுவது? பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிஸ்டைன் சேப்பல் என்ற தேவாலயம் கட்டி முடிய நான்கு சுற்று என்று காட்டியது. அந்த அதிசயத்தை உலகில் ஒருவர்தான் கட்ட முடியும், வேறு யாராவது முந்திக்கொண்டால் அவ்வளவு உழைப்பும் வீண். கடிகாரத்தைப் பார்த்தபோது 5.20. ஸ்டேஷனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறைத் தாண்டிவிட்டது. இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாடா?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

எதிரணி நண்பர் இந்த இடத்தில் எழுந்து, "பாருங்கள், அக்கா மேல் அக்கறை இல்லை, மன உறுதி இல்லை" என்பார். நான் அந்த இரவில் எடுத்த ஒவ்வொரு முடிவையும் பாருங்கள், நடுவர் அவர்களே. "விடியும்வரை ஆடலாம்" என்று நான் முடிவு எடுக்கவே இல்லை. அப்படிக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னிடம் கேட்கப்பட்டது ஒரு சுற்று, அதற்கு மட்டும் சரி என்றேன். அதையே நூறு முறை கேட்டார்கள்.

அந்த 'ஒரு சுற்று' என்பதன் விலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு நகரம், ஒரு வீரர், ஒரு சுற்று பத்து நொடியில் போய்விடும். உங்கள் மனம் 'சுற்று என்றால் இவ்வளவுதான்' என்று அப்போது கணக்குப் போட்டுக்கொள்கிறது. நடு ஆட்டத்தில் பன்னிரண்டு நகரம், முப்பது படை, வணிகப் பாதைகள், உளவாளிகள் என்று ஆகும்போது அதே ஒரு சுற்று ஐந்து நிமிடம், போர் நடந்தால் பத்து நிமிடம். பெயர் மாறவில்லை, விலை பல மடங்கு ஏறிவிட்டது. "இன்னும் ஒரு சுற்று" என்று சொல்லும்போது பழைய விலையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம். சிவிலைசேஷனின் ஐந்தாம், ஆறாம் பாகங்களில் சாதாரண வேகத்தில் ஆட்டத்துக்கு 500 சுற்று, 'மாரத்தான்' வேகம் என்று வைத்தால் 1,500. இந்த எண்ணைத் தொடக்கத்திலேயே யாரும் நேரமாகப் பெருக்கிப் பார்ப்பதில்லை.

அப்புறம் அந்தப் பொத்தான். திரையின் கீழ்மூலையில் இருக்கும். 'அடுத்த சுற்று' என்ற பொத்தான்தானே என்று நினைப்பீர்கள், ஆனால் பல சமயம் அதில் அந்த வார்த்தையே இருக்காது. 'இந்த நகரத்தில் என்ன கட்டுவது, தேர்ந்தெடுங்கள்' என்று இருக்கும். அழுத்தினால் அந்த நகரத்துக்கே கூட்டிப்போகும். அதை முடித்தால் 'ஒரு படை உத்தரவுக்குக் காத்திருக்கிறது'. அதையும் முடித்தால்தான் 'அடுத்த சுற்று'. கைப்பிடித்து ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போகிற மாதிரி ஒரே பொத்தான், ஒரே இடம், கையை நகர்த்தவே வேண்டாம். எங்கே யோசிக்க வேண்டும் என்று தேடும் சுமையை விளையாட்டு எடுத்துக்கொள்கிறது, முடிவெடுக்கும் சுகத்தை மட்டும் உங்களிடம் விட்டுவைக்கிறது. நல்ல விளையாட்டு என்பது சுவையான முடிவுகளின் தொடர் என்பது சிட் மெயரின் புகழ்பெற்ற கருத்து. எனக்கு அதில் மரியாதைதான். ஆனால் சுவையான முடிவுகள் இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருந்தால் எழுந்திருக்கும் முடிவு எந்த வரிசையில் வரும்?

சேவ் செய்துவிட்டுப் போகலாமே என்றாரே, அதற்கு வருகிறேன். சேவ் செய்தால் வரைபடம் பத்திரமாக இருக்கும், படைகள் நின்ற இடத்தில் நிற்கும். என் தலையில் இருந்தது எங்கே பதிவாகும்? அந்தக் குதிரைப்படையை மலைக்குப் பின்னால் ஏன் நிறுத்தினேன், எந்த நகரத்தில் கோட்டையை நிறுத்திவிட்டுச் சந்தை கட்ட நினைத்தேன், யாரோடு எத்தனை சுற்றுக்குப் பிறகு போர் என்று திட்டம், இதெல்லாம் அடுத்த நாள் மாலை திறந்து பார்த்தால் பாதி மறந்திருக்கும். அடுத்தவர் ஆண்ட நாட்டை வாங்கின மாதிரி இருக்கும். இது ஆடுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால்தான் 'சூடாக இருக்கும்போதே முடித்துவிடலாம்' என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் சோம்பலில் வருவதில்லை, செய்ததைப் பாழாக்கக் கூடாது என்ற பொறுப்பில் வருகிறது. பொறுப்பானவரைக் கட்டிப்போடும் கயிறு இது.

நான் ஏதோ கற்பனையில் குற்றம் கண்டுபிடிப்பதாக நினைக்க வேண்டாம். செய்தவர்களுக்கே இது நன்றாகத் தெரியும். சிவிலைசேஷனின் நான்காம் பாகம் 2005-இல் வந்தபோது அதன் விளம்பரம் என்ன தெரியுமா? போதை மீட்புக் குழு மாதிரி ஒரு பாவனைக் குழு, 'சிவ் அனான்' என்று பெயர், இந்த விளையாட்டை விட முடியாதவர்கள் கூடிப் பேசுவது போல. விட முடியாது என்பதுதான் சரக்கின் பெருமை என்று அவர்களே வெளியே சொன்னார்கள். அதே நான்காம் பாகத்தில் விளையாட்டுக்குள்ளேயே கடிகாரம் காட்டும் வசதி இருந்தது, அலாரமும் வைத்துக்கொள்ளலாம். நேரம் மறந்துபோகும் என்று தெரியாமலா ஒருவர் விளையாட்டுக்குள் அலாரம் வைப்பார்? இன்னொன்று, நீங்கள் வென்றுவிட்டீர்கள், இசை முழங்குகிறது, வெற்றிப் படம் வருகிறது, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் அந்தத் திரையிலும் ஒரு பொத்தான் இருக்கும்: 'இன்னும் ஒரே ஒரு சுற்று'. வென்ற பிறகும்! இதை வில்லத்தனம் என்று நான் சொல்லவில்லை. மிக உயர்ந்த கைத்திறன் இது. கைத்திறன் என்று ஒப்புக்கொண்டால் விளைவும் அந்தக் கைத்திறனின் விளைவுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இதைத்தான் எதிரணியிடம் கேட்கிறேன்.

இதில் வரலாறு செய்கிற வேலையையும் சொல்லாமல் போக முடியாது. மிட்டாய்களை அடுக்கும் விளையாட்டில் மூன்று மணி நேரம் போனால் மனசாட்சி குத்தும். இங்கே அலெக்சாண்டிரியாவின் நூலகம் வருகிறது, பாறையில் செதுக்கிய பெட்ரா நகரம் வருகிறது, சுமேரிய அரசர் கில்காமேஷ் பேசுகிறார், விளையாட்டுக்குள்ளேயே ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. ஏழாம் பாகத்தில் சோழர்களே ஒரு நாகரிகமாக வருகிறார்கள், மணிகிராமம், அஞ்சுவண்ணம் என்ற பழைய வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்கள் இருக்கின்றன. அதைத் திரையில் பார்த்த அன்று நான் அந்தக் குழுக்களின் பெயர் வரும் கொல்லம் செப்பேடு வரைக்கும் தேடிப் படித்தேன், அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் அதே சந்தோஷம்தான் குத்த வேண்டிய மனசாட்சிக்குத் தாலாட்டுப் பாடுகிறது. 'படித்துக்கொண்டுதானே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள வைக்கிறது. படிப்பதும் முழுசாகச் சரியான படிப்பு இல்லை. எல்லா மக்களும் ஒரே ஏணியில் ஏறுகிறார்கள், எல்லோருக்கும் நிலம் பிடிப்பதுதான் குறி என்று அது சொல்லிக்கொடுக்கிறது. 2018-இல் ஆறாம் பாகத்தில் கனடாவின் க்ரீ பழங்குடி மக்களையும் அவர்களின் தலைவர் பவுண்ட்மேக்கரையும் சேர்த்தபோது, அந்தச் சமூகத்தின் பிரதிநிதி ஒருவரே எங்கள் மக்களின் விழுமியம் இதுவல்ல, பிடித்து ஆள்வது எங்கள் வழி இல்லை என்ற பொருளில் எதிர்ப்புச் சொன்னார். நான் அதுவரை அப்படி யோசித்ததே இல்லை.

இப்போது உலக சுகாதார நிறுவனம். 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது, உண்மை. என்ன அளவுகோல்? கட்டுப்பாடு தளர்ந்திருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு போயிருக்க வேண்டும், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது தெரிய வேண்டும். அந்த நிலையில் இருப்பவருக்கு வேண்டியது சிகிச்சை, அவரைப் பார்த்து 'உனக்கு மன உறுதி இல்லை' என்று சொல்வது கொடுமை. காய்ச்சல் வந்தவரிடம் உறுதி போதவில்லை என்று சொல்வோமா? எதிரணி நண்பர் தன் பக்கத்துக்குக் கொண்டுவந்த சாட்சி உண்மையில் அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது. மற்றபடி, தூக்கம் கெட்டு மறுநாள் வேலைக்குப் போகிற ஏராளமானவர்கள் இந்த அளவுகோலுக்குள் வரவே மாட்டார்கள். வேலை செய்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், கடனைக் கட்டுகிறார்கள், வேறு எதிலும் உறுதி குறையாதவர்கள். ஓர் இடத்தில் மட்டும் உறுதி போகிறது என்றால் அந்த இடத்தைத்தானே பார்க்க வேண்டும்?

கடைசியாக என்னிடம் இருக்கும் சாட்சி, நானே. ஏழாம் பாகத்தில் ஆட்டத்தைப் பழங்காலம், கண்டறிதல் காலம், நவீன காலம் என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அது வந்த புதிதில், ஒரு காலம் முடியும்போது போர்கள் தீர்ந்துவிடும், பெரும்பாலான நகரங்கள் சிற்றூர்களாகத் திரும்பிவிடும், நாகரிகத்தையே புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, ஓட்டம் அறுந்துபோகிறது என்று கோபப்பட்டார்கள். எனக்கு என்ன நடந்தது தெரியுமா? முதல் நாள் பழங்காலம் முடிந்த திரை வந்தது. என் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தன. ஒரு கணம் சும்மா இருந்தேன். பிறகு கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். இரவு மணி பத்தரை. அக்காவைக் காக்கவைத்த அதே ஆள், அதே மனம், எந்தப் பயிற்சியும் செய்யவில்லை, எந்தச் சபதமும் எடுக்கவில்லை. விளையாட்டில் ஒரு வாசல் வைத்தார்கள், நான் அதன் வழியாக வெளியே வந்தேன், அவ்வளவுதான். நான்காம் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளரான சோரன் ஜான்சன் பிறகு செய்த 'ஓல்டு வேர்ல்டு' என்ற விளையாட்டில், ஒரு சுற்றில் எத்தனை உத்தரவு போடலாம் என்பதற்கே வரம்பு இருக்கிறது. அதைத் தாண்டி நீங்கள் எதையும் அசைக்க முடியாது, சுற்று தன் அளவை மீறி வீங்குவதில்லை. வடிவமைப்பை மாற்றினால் ஆடுபவரின் நடத்தை மாறுகிறது. மன உறுதிதான் காரணம் என்றால் இது எப்படி நடக்கும்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

"இவ்வளவு பேசுகிறீர்களே, இன்னும் ஆடுகிறீர்களா?" என்று எதிரணி நண்பர் இப்போது என்னைப் பார்த்துக் கேட்கலாம். ஆடுகிறேன். பழைய விளையாட்டையும் ஆடுகிறேன். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று தெரிந்தபின் ஒரு வழி கண்டுபிடித்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. மூடும் நேரம் வந்ததும் அடுத்து என்ன செய்ய நினைத்தேன் என்று மூன்று வரி எழுதிவிடுவேன். தலையில் இருந்தது தாளுக்குப் போய்விட்டால், பிடித்திழுப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது. நேற்று இரவு எழுதியதை வேண்டுமானால் படிக்கிறேன். "மலைக்குப் பின்னால் நிற்கும் குதிரைப்படை வடக்கு நகரத்துக்காக, அவசரம் இல்லை. சந்தை முடிந்ததும் துறைமுகம். மங்கோலியரிடம் சண்டைக்குப் போகாதே, ஒப்பந்தம் இன்னும் ஏழு சுற்று இருக்கிறது."

நடுவர் அவர்களே, வணக்கம்.